எல்லாருக்கும் ஒரு கிளாஸ்

அவனை எல்லாரும் ரவுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரைக் கேட்டுவிட்டு முதல் தடவை பார்க்க வருகிறவர்கள் ஒரு குண்டு ஆளைத் தேடுவார்கள். எதிரே நிற்பவனோ லிஃப்ட் கதவு பாதி திறந்ததுமே இடுக்கு வழியாக உள்ளே போய்விடக்கூடிய ஒல்லிக்குச்சி. உடம்பைப் பார்த்து வைத்த பெயர் இல்லை அது. பாரில் உட்கார்ந்தால் அவன் வலது கை செய்கிற ஒரு வேலையைப் பார்த்து வைத்தது.

அவன் லிஃப்ட் பொருத்துகிறவன். அவனுடைய கம்பெனி பல நாடுகளுக்கு லிஃப்ட் விற்றது. விற்ற இடத்துக்கெல்லாம் இரண்டிரண்டு பேராக ஆள் அனுப்பியது. ஒரு கட்டடத்துக்குப் போனால் நாலைந்து மாதம் அங்கேயே வாசம். சம்பளம் வீட்டுக்குப் போய்விடும். கைச்செலவுக்குத் தினப்படி. அந்தப் படி எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே தொகைதான். அதை முடிவு செய்த கணக்கு அதிகாரி தலைமை ஆபீஸ் வாசலைத் தாண்டி வெளிநாடு எதையும் பார்த்ததில்லை. யாரோ கேட்டதற்கு, மனுஷன் வயிறு எல்லா நாட்டிலும் ஒரே அளவுதானே என்றாராம். வயிறு ஒரே அளவுதான். அதற்குள் போகிற கிளாஸின் விலைதான் எல்லை தாண்டினால் தலைகீழாக மாறுகிறது என்பது அவருக்குத் தெரியாது.

ரவுண்டுக்கு ஜோடியாகப் போனவர் மேஸ்திரி. வேலையில் புலி. காசு விஷயத்தில் எறும்பு வாயிலிருந்து சர்க்கரையைப் பிடுங்குகிறவர். எந்த ஊரில் எதை வாங்கினாலும் மனசுக்குள் சொந்த ஊர் விலையாக மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். பக்கத்தில் ஒருவன் ஒரு மடக்கு குடித்தால், "இப்ப உள்ள போனது ஒரு கிலோ வெங்காயம்" என்பார். அதற்குமேல் அந்தப் பானம் எப்படித் தொண்டையில் இறங்கும்?

முதலில் போன நாடு மலிவான நாடு. அங்கே பாட்டில் தண்ணீரைவிட பீர் விலை குறைவு. புது ஓட்டல் ஒன்றுக்கு இரண்டு லிஃப்ட், அதனால் எட்டு மாத வேலை. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கைக் கிரீஸைத் துடைத்துவிட்டுத் தெருமுனைக் கடையில் போய் உட்கார்ந்தால், பையில் இருக்கிற படிக்கு அந்தக் கடையையே வாங்கிவிடலாம் போலிருந்தது. ரவுண்டுக்கு அப்போது இளவயசு. ஊரில் இரண்டு சிநேகிதர்களுக்கு டீ சொல்ல வேண்டுமென்றால்கூட முதலில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவன். அவனுக்குத் திடீரென்று ராஜபோகம். ஒருநாள் வேலை நன்றாக முடிந்த குஷியில் ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு வட்டம் போட்டான். எல்லாருக்கும் ஒரு கிளாஸ், என் கணக்கில், என்று அர்த்தம். கடையே எழுந்து நின்று அவன் முதுகில் தட்டியது.

அந்தத் தட்டல் அவனுக்குப் பிடித்துவிட்டது. பிறகு தினமும் வட்டம்தான். உள்ளே நுழைந்து நாற்காலியை இழுக்கும்போதே விரல் மேலே போய்விடும். கடைக்காரர் கையைப் பார்த்தால் போதும், கிளாஸ்களை வரிசையாக வைக்க ஆரம்பிப்பார். விலைப்பலகையை அவன் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. மேஸ்திரி அவனுக்குச் சொல்லாத புத்தி இல்லை. விரலுக்கேத்த வீக்கம் வேணும்டா என்றார். இவன் விரலோ வீங்காமலே சுற்றியது.

வேலை முடிந்து கிளம்புகிற கடைசிச் சாயங்காலம் விடைபெறலாம் என்று கடைக்குப் போனான். அன்று அவனுக்கு முன்னாலேயே ஒரு லாரிக்காரர் விரலைச் சுற்றிவிட்டிருந்தார். கடை எழுந்து நின்று லாரிக்காரர் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது. இவன் கையிலும் ஒரு கிளாஸ் வந்தது. நாளைக்குப் போகிறேன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, எங்கே இருந்து வந்திருக்கே என்று கேட்டார். எட்டு மாதம் இவன் காசில் குடித்தவர் அவர். ரவுண்டு அதை மனசில் போட்டுக்கொள்ளாத மாதிரிதான் சிரித்தான். ஆனால் விமானத்தில் சாப்பாடு வந்தபோது அவனுக்குப் பசிக்கவில்லை.

அடுத்த நாட்டில் விலை நடுத்தரம், ஆனால் விதிமுறை விநோதம். நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை, வாசலில் வெயில் படுகிற மேஜை என்றால் அதற்கும் மேலே. கூடவே ஒரு தட்டில் நிலக்கடலை இலவசம். மேஸ்திரிக்குக் கொண்டாட்டம். சின்ன கிளாஸ் ஒன்றை வாங்கி நின்றபடியே ராத்திரிச் சாப்பாட்டைக் கடலையில் முடித்துவிடுவார். இரண்டாவது வாரம் கடைக்காரம்மா இவர் தலையைக் கண்டதும் தட்டை எடுத்து உள்ளே வைக்கத் தொடங்கினாள். ரவுண்டு அங்கேயும் விரல் சுற்றினான்தான், ஆனால் வாரம் ஒருமுறை, ஆள் குறைவாக இருக்கிற நேரம் பார்த்து.

மூன்றாவதாகப் போனது குளிர் நாடு. விமானநிலையத்தில் ஒரு காப்பி விலையைப் பார்த்துவிட்டு மேஸ்திரி பர்ஸை உள்பைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, இங்கே மூச்சு விடுவதற்குக் காசு கேட்கிறதுக்குள் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்றார். ஒரு பீர் என்பது அரைநாள் படி. அந்த ஊர்க்காரர்களே அதனால் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கதை பேசுவார்களே தவிர அவசரப்பட்டு வாயில் வைக்க மாட்டார்கள். யாரும் யாருக்கும் வாங்கித் தருவதில்லை. அண்ணன் தம்பி சேர்ந்து வந்தாலும் அவரவர் காசை அவரவர் வைத்துவிட்டுப் போவார்கள்.

வேலை ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றில். அறுபது வருஷத்துப் பழைய லிஃப்டைக் கழற்றிவிட்டுப் புதிசு மாட்ட வேண்டும். குடியிருந்தவர்களில் பாதிப் பேர் வயசானவர்கள். இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் பழைய கூண்டை இறக்கினார்கள். இரண்டு மாதம் ஆனபோது லிஃப்ட் ஓடுகிற தண்டவாளம் நிறுத்தியாகிவிட்டது, மோட்டார் ஏறிவிட்டது, கம்பி வடமும் தொங்கியது. ஆனால் பெட்டியைப் பிரித்தால் கட்டுப்பாட்டுப் பலகை வேறு ஏதோ கட்டடத்துக்கானது. திருப்பி அனுப்பி மாற்றி வாங்க இன்னும் ஆறு வாரமாவது ஆகும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். மேஸ்திரி மன்னிப்புக் கேட்டு ஒரு தாள் எழுதிக் கதவில் ஒட்டினார். மறுநாள் அதன் அடியில் யாரோ எழுதியிருந்தார்கள்: "இதை என் முழங்காலிடம் சொல்லுங்கள்."

எழுதியவர் யாரென்று சீக்கிரமே தெரிந்தது. ஐந்தாவது மாடியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், மகளோடு இருந்தார். ஆயுசு முழுக்க உட்கார்ந்தே வேலை செய்தவருக்கு இப்போது நிற்கவும் ஏறவும் கால் ஒத்துழைக்கவில்லை. மத்தியானம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, முனையிலிருக்கிற பாரில் ஒரே ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் மகள் வந்து கைத்தாங்கலாக மேலே கூட்டிப் போவாள். படி திரும்புகிற இடத்திலெல்லாம் அவர் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். அந்த நேரம் ரவுண்டு எதிர்ப்பட்டால் மகள் பார்க்கிற பார்வையில் கிரீஸே உறைந்துவிடும்.

குளிர் கூடியது. ரவுண்டிடம் நல்ல கோட்டு இல்லை. தினப்படியில் மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து, துணிக்கடைக் கண்ணாடியில் பார்த்து வைத்திருந்த சாம்பல் கோட்டுக்குப் பணம் சேர்த்தான். சேர்ந்த அன்று வேலை முடிந்ததும் பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். வழியில் காற்று அடித்த அடியில் காது இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. முனையில் பாரின் ஜன்னல் மஞ்சளாகத் தெரிந்தது. ஒரு நிமிஷம் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு போகலாம் என்று கதவைத் தள்ளினான்.

உள்ளே இருந்தது அந்தக் குடியிருப்பே. மூன்றாவது மாடித் தம்பதி, மருந்துக் கடைக்காரர், இரண்டாவது மாடிச் சகோதரிகள், சுவரோரம் பஸ் டிரைவர், அவரைக் கூட்டிப்போக அப்போதுதான் வந்து நின்ற மகள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சு நின்றுவிட்டது. லிஃப்ட் எப்போ வரும் என்று கேட்கக்கூட யாரும் வாய் திறக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். ரவுண்டு சிரிக்கப் பார்த்தான், முகத்தில் சிரிப்பு வரவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்று மூளை தவித்தபோது, மூளையைக் கேட்காமலே வலது கை மேலே போனது. விரல் ஒரு வட்டம் போட்டது.

பார் நடத்தும் அம்மாள் துடைத்துக்கொண்டிருந்த கிளாஸைக் கீழே வைத்தாள்.

"எல்லாருக்குமா?"

இல்லை, தலை அரித்தது என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அதெல்லாம் எங்கே தோன்றுகிறது? அவளுக்குப் பின்னாலிருந்த விலைப்பலகையை அவன் வாழ்க்கையில் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். பார்த்துவிட்டு, "ஆமாக்கா" என்றான்.

முதலில் யாரும் நம்பவில்லை. அந்த அம்மாள் ஒவ்வொரு மேஜையாகப் போய்க் கேட்ட பிறகுதான் நம்பினார்கள். சகோதரிகள் இருவரும் வெட்கப்பட்டுக்கொண்டே ஒயின் சொன்னார்கள். மருந்துக் கடைக்காரர் வெட்கப்படவில்லை. மேல்தட்டில் இருந்த பாட்டில் ஒன்றைக் காட்டினார். அதை எடுக்க அந்த அம்மாள் ஸ்டூல் போட வேண்டியிருந்தது. ஸ்டூல் போட்டு எடுக்கிற பாட்டில் எந்த நாட்டிலும் மலிவாக இருக்காது. டிரைவரின் மகள் முன்னாலும் ஒரு கிளாஸ் வைக்கப்பட்டது. அவள் அதைத் தொடவில்லை. அப்பாவை எழுப்பிக் கைகொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கிளாஸ் அப்படியே நின்றது.

கோட்டுப் பணம் முழுசும் போனது, அதற்கு மேலும் கொஞ்சம் குறைந்தது. பார் அம்மாள் அவன் வைத்த சில்லறையைப் பார்த்தாள், அவனுடைய மெல்லிய சட்டையைப் பார்த்தாள். அவனுக்கென்று ஊற்றிய கிளாஸைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டு, ஒரு தம்ளர் வெந்நீர் வைத்தாள்.

அறைக்கு வந்து நடந்ததைச் சொன்னான். மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கூட்டிப் பெருக்கினார். கடைசியில், "ஒரு கோட்டையே குடிச்சுட்டு வந்திருக்க. அதுவும் நீ குடிக்கல" என்றார். பிறகு எழுந்து தன்னுடைய இரண்டாவது ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தார். ஊருக்குப் போனதும் துவைத்துத் திருப்பித் தரச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தவன் தலைக்கு மேல் யாரோ கைத்தடியால் தட்டினார்கள். பஸ் டிரைவர்.

"மேல வாங்க தம்பி. இன்னைக்கு என் முறை."

வேண்டாங்க ஐயா, நான் ஏதோ ஆசைக்கு வாங்கினேன், அதுக்குப் பதில் எதுவும் வேண்டாம் என்று ரவுண்டு மறுத்தான். டிரைவர் கேட்கவில்லை. இந்த ஊரில் யாரும் அடுத்தவருக்கு வாங்கித் தருவதில்லை, அப்படி ஒருத்தர் வாங்கித் தந்தால் திருப்பித் தருகிறவரை தூக்கம் வராது, நேற்று அந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் தூங்கவில்லை என்று விளக்கினார். அவனைத் திட்டுவதா, அவனுக்கு வாங்கித் தருவதா என்று மூன்றாவது மாடித் தம்பதிக்குள் சண்டையே வந்துவிட்டதாம்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் யாராவது ஒருவர் குழியருகே வந்து நிற்பார். ஒருநாள் சகோதரிகள், ஒருநாள் தம்பதி. மருந்துக் கடைக்காரர் மானஸ்தர். மறுபடியும் ஸ்டூல் போட வைத்தார். ஒரு கிளாஸுக்கு மேல் தாங்காத உடம்பு ரவுண்டுக்கு. அதனால் ஒரு கிளாஸ், ஒரு மணி நேரம், பாதி பாஷை, பாதி கையசைவு. மூத்த சகோதரி இரண்டு தடவை நிச்சயம் நடந்து கல்யாணம் நின்றுபோனவள் என்பதும், மருந்துக் கடைக்காரருக்கு ஊசியைக் கண்டால் பயம் என்பதும் அவனுக்கு இப்படித்தான் தெரிந்தது. இரண்டு வாரத்தில் கட்டடத்தில் எல்லாரும் அவனை வாசலில் நிறுத்திப் பேசினார்கள். மேஸ்திரி முதலில் பொறாமைப்பட்டார், அப்புறம் மனம் மாறினார். நீ போட்டது செலவு இல்லடா, முதலீடு என்று சொல்லிக்கொண்டு அவரும் கூடவே வந்து உட்கார ஆரம்பித்தார். பார் அம்மாள், யாரோ எந்தக் காலத்திலோ விட்டுப்போன கோட்டு ஒன்றை உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தாள். இரண்டு ஆள் அகலம். அதை அவன் போட்டுக்கொண்டான் என்பதைவிட அதற்குள் குடியேறினான் என்பதுதான் சரி.

வராதவள் ஒருத்திதான். டிரைவரின் மகள்.

பழைய கூண்டுக்குள் வயசானவர்கள் உட்காருவதற்காக மடக்குப் பலகை ஒன்று இருந்தது. நல்ல தேக்கு. குப்பைக்குப் போக வேண்டியது. ரவுண்டு அதைக் கழற்றி, மூன்றாவது மாடித் திருப்பத்தில் சுவரில் துளை போட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். அவள் சாமான் பையோடு ஏறி வந்தவள் நின்றாள். பலகையைப் பார்த்தாள். யாருக்கு என்று கேட்கவில்லை.

"அன்னைக்கு எனக்கும் ஒரு கிளாஸ் சொன்னீங்க. நான் தொடல. அதனால நான் உங்களுக்கு எதுவும் திருப்பித் தர வேண்டியதில்ல."

"இல்லைங்க. வேண்டியதில்ல."

"அதைச் சொல்லிடணும்னு இருந்தேன்."

சொல்லிவிட்டு ஏறிப் போனாள். அரை மாடி ஏறியதும் காலடிச் சத்தம் நின்றது. கைப்பிடிக்கு மேலாகத் தலை எட்டிப் பார்த்தது.

"டீ குடிப்பீங்களா?"

அவள் பல்செட் செய்கிறவள். வீட்டின் பின்னறைதான் பட்டறை. அலமாரி நிறைய பாரிஸ் சாந்தில் வார்த்த தாடைகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஆள் பெயர். மெழுகு வாசனை. பல்லை வெள்ளை வெளேரென்று செய்தால் பொய் என்று தெரிந்துவிடும், அதனால் வயசுக்கேற்ற மஞ்சள் சேர்ப்பேன், சிகரெட் பிடிக்கிறவருக்கு லேசாகக் கறைகூட வைப்பேன் என்று அவள் காட்டினாள். ரவுண்டு டீயை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவள் கேட்டுக் கேட்டு அவன் தன் நாடுகளின் கதையைச் சொன்னான். வயிற்றளவு பார்த்த கணக்கு அதிகாரியைப் பற்றிக் கேட்டு அவள் சிரித்தாள். கடலைத் தட்டு ஒளிந்த கதைக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்த மலிவு நாட்டில் கடைசிச் சாயங்காலம் நடந்ததையும் சொன்னான். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் கையிலிருந்த தாடையைத் துடைத்தபடியே யோசித்தாள்.

"அவங்க யாராவது ஒருநாள் உங்களுக்கு வாங்கித் தர விட்டீங்களா?"

ரவுண்டு யோசித்துப் பார்த்தான். விட்டதில்லை. யாராவது சட்டைப்பையில் கைவிடுவதற்குள் இவன் விரல் மேலே போயிருக்கும். எட்டு மாதமும் பேசினது கிளாஸ்தான். உட்கார்ந்து யாரோடும் இவன் பேசினதில்லை. அது அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் டீ நன்றாக இருந்தது, இன்னொன்று கேட்டான்.

பலகை சுவரில் நின்ற பிறகு டிரைவர் நாளுக்கு இரண்டு முறை இறங்கி ஏறினார். ரவுண்டு நாளுக்கு ஒருமுறை டீக்கு ஏறினான். மேஸ்திரி கவனித்தார், டீ இலவசமா என்று மட்டும் விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்.

கட்டுப்பாட்டுப் பலகை ஒருவழியாக வந்து சேர்ந்தது. எடை மூட்டைகளை ஏற்றிச் சோதித்து முடித்து, முதல் சவாரிக்கு டிரைவரைத்தான் அழைத்தார்கள். கட்டடமே கீழே கூடியிருந்தது. ஐந்தாவது மாடியில் அவரும் மகளும் ரவுண்டும் உள்ளே ஏறினார்கள். கதவு மூடியது. பொத்தானை அழுத்தச் சொன்னால் டிரைவர் விரலை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார். என்னவென்று ரவுண்டுக்குப் புரியவில்லை. மகளுக்குப் புரிந்தது.

"ரைட், போலாம்ப்பா" என்றாள்.

டிரைவர் பொத்தானை அழுத்தினார். வண்டி இறங்கியது, ஒரு குலுக்கல் இல்லாமல். நல்ல பிரேக் என்றார். அவர் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அந்த வாரமே ஆபீஸிலிருந்து அடுத்த நாட்டுக்கு உத்தரவு வந்தது. வெயில் நாடு, எல்லாம் மலிவு. ரவுண்டு பின்னறைக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு, மெழுகு உருகுகிற சின்ன விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பாவை விட்டுவிட்டு அவளால் வர முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கொஞ்ச நேரம் ஒரு கடைவாய்ப்பல்லைச் செதுக்கினாள்.

"இந்த ஊர்ல எத்தனை லிஃப்ட் இருக்கும்னு நினைக்கிறீங்க?"

"ஆயிரக்கணக்குல இருக்கும்."

"எல்லாம் ஒழுங்கா ஓடுதா?"

"எங்க ஓடுது?" என்றான் அவன். சொல்லி முடித்த பிறகுதான் அவள் எதைக் கேட்டாள் என்பது அவனுக்கு உறைத்தது.

மேஸ்திரி வேறொரு ஆளோடு வெயில் நாட்டுக்குப் போனார். போவதற்கு முன்னால் பதிவு அலுவலகத்தில் மாப்பிள்ளை பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார். ஊரிலிருந்து அக்காவும் மாமாவும் போனில்தான் வாழ்த்தினார்கள். பல் டாக்டர் பொண்ணா என்று அக்கா மறுபடி மறுபடி கேட்டாள், இல்லை, பல்லே அவள்தான் செய்கிறாள் என்று இவன் சொல்ல, அதுவும் நல்லதுதான் என்று முடித்துக்கொண்டாள். மேஸ்திரி இன்னும் அவ்வப்போது போன் பண்ணுவார். எடுத்ததும் அங்கே பீர் என்ன விலை என்று சொல்லிவிட்டுத்தான் சௌக்கியமா என்று கேட்பார்.

ரவுண்டு இப்போது அந்தக் குளிர் ஊரிலேயே லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி ஒன்றில் இருக்கிறான். ஊரெல்லாம் சுற்றி லிஃப்ட் பார்ப்பது வேலை. அந்தச் சுற்றிலேயே மனைவி செய்து கொடுக்கிற பல்செட்டுகளைப் பல் ஆஸ்பத்திரிகளில் சேர்ப்பதும் அவன் பொறுப்பு. கருவிப் பையில் ஒரு பக்கம் ஸ்பானர், ஒரு பக்கம் பல். போன மாதம் ஒரு வங்கிக் கட்டடத்தில் கதவு இடுக்கில் குனிந்தபோது டப்பா திறந்து மேல்வரிசைப் பல் முழுசும் குழிக்குள் விழுந்துவிட்டது. லிஃப்டை நிறுத்திவிட்டு இறங்கி, டார்ச் அடித்துத் தேடினான். பல் ஒன்றுகூட உடையவில்லை. மூலையில் தூசிக்குள் கிடந்து அவனைப் பார்த்துச் சிரித்தது. எடுத்து வீட்டுக்குக் கொண்டு ஓடினான். அவள் திட்டிக்கொண்டே மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, உரசி, மெருகேற்றிக் கொடுத்தாள். அதன் சொந்தக்காரர் மறுநாளே அதை மாட்டிக்கொண்டு, ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் ஒரு ஆப்பிளைக் கடித்துத் தின்றாராம்.